விமலராணியின் தண்ணீர்க் கஷ்டம்

மன்னார்ப் பக்கத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து சேர்ந்த கத்தோலிக்கச் சனம் வழியில் எத்தனையோ பழக்கங்களை உதிர்த்துவிட்டது. உதிராமல் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று உண்டு: "எப்பிடி இருக்கிறியள்?" என்று யாராவது கேட்டால் "நல்லா இருக்கிறன்" என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் கண்ணூறு பட்டுவிடும். செபமாலையும் கண்ணூறும் ஒரே கழுத்தில் எப்படித் தங்கும் என்று கேட்டால் பதில் கிடையாது, தங்குகின்றன, அவ்வளவுதான். ஆகவே ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நிற்கிற நேரம் முறைப்பாட்டு நேரம். முழங்கால், முதுகு, வேலை வீட்டு எசமானியான சின்யோராவின் குணம், வராத பஸ். உண்மையிலேயே கஷ்டப்படுகிறவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. முற்றத்தில் யார் வாய் திறக்காமல் நிற்கிறார்களோ அவர்களுக்காகத்தான் மன்றாட வேண்டும்.

விமலராணியின் வாய் அங்கே ஓய்ந்ததே இல்லை. அதாவது, அவளுடைய வாழ்க்கை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

ஐம்பதைத் தாண்டிய விதவை. மகள் லண்டனில். இவள் பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஐந்தாம் தளத்தில், சின்யோரா நுன்சியா என்ற முதிய பெண்மணியைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு தங்கி வேலை செய்தாள். சின்யோராவுக்கு நடக்க முடியும், சமைக்க முடியும், கோபிக்கவும் முடியும். தனியாக இருக்கத்தான் முடியாது. விமலராணி குப்பை போடப் போனாலும் படிக்கட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தினமும் இரண்டு மணித்தியால ஓய்வு என்று வேலை ஒப்பந்தத்தில் இருந்தது. ஒப்பந்தம் ஓர் உறைக்குள்ளும் உறை ஓர் அலுமாரிக்குள்ளும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. வியாழன் பின்னேரம் விடுமுறை. வியாழன்தோறும் பின்னேரம் சின்யோராவுக்கு இரத்த அழுத்தம் கூடும். ஞாயிறு பூசைக்கு மட்டும் விடுவார், கடவுளோடு போட்டி போட முடியாதபடியால்.

இந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்தது ஒரு கோப்பி மெஷின்.

சின்யோராவின் மகன் பியேரோ வடக்கே துரின் நகரில் பெரிய வேலையில் இருந்தார். ஒரு வருடம் அம்மாவின் பிறந்தநாளுக்கு அவர் வரவில்லை, மெஷின் வந்தது. பளபளவென்று, சின்னத் தேவாலயம் அளவில். அன்றிலிருந்து சின்யோரா மகனுக்குக் காட்ட வேண்டிய கரிசனையை அதற்குக் காட்டினார். ஆனால் பலெர்மோத் தண்ணீர் அதற்கு ஒத்துவரவில்லை. இந்த ஊரில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும்; வரும்போது மொட்டைமாடித் தாங்கியில் பிடித்து வைத்து, பம்பு போட்டுக் கீழே இறக்குவார்கள். அதில் சுண்ணாம்பு ஏராளம். ஒரு வருடத்துக்குள் மெஷினின் குடலெல்லாம் வெள்ளைக் கல் படிந்து அடைத்துக்கொண்டது. திருத்த வந்தவர் சொன்னார்: "குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அடுத்த வருடம் நான் திரும்பவும் வருவேன், சின்யோரா. அதற்கடுத்த வருடம் பாதிரியார் வருவார்." வடிகட்டிய, சுண்ணாம்பு நீக்கிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

அப்படித் தண்ணீர் வடிகட்டி விற்கும் கடை ஒன்று சீசாவிலேயே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. விமலராணி அந்தத் தண்ணீர் மணக்கிறது என்றாள். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள கடையில் எடுப்பதுதான் தண்ணீர் என்றாள். சின்யோரா இரண்டையும் குடித்துப் பார்த்து, வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது என்று ஒப்புக்கொண்டார். இரண்டு கோப்பையும் ஒரே தண்ணீர்க் கானிலிருந்து ஊற்றியவை. தண்ணீர் மீனைப் போல, அன்றன்று வாங்கினால்தான் நல்லது என்றும் விமலராணி சொல்லிவைத்தாள். சின்யோராவுக்கு மீன் உவமை உடனே பிடித்துப் போயிற்று.

இப்படியாக ஒவ்வொரு காலையும் உருளித் தள்ளுவண்டியில் ஒரு வெறுங்கானோடு விமலராணி பஸ் ஏறினாள். முந்திய நாள் மிச்சம் பல்கனியிலுள்ள ஜெரானியப் பூச்சாடிகளுக்குப் போயிற்று. சீசாவிலேயே செழிப்பான ஜெரானியங்கள் அவை. அவற்றின் மண்ணில் சிலவேளை சிகரெட் சாம்பல் கிடக்கும். சின்யோராவுக்கு வைத்தியர் சிகரெட்டைத் தடை செய்து வெகுகாலம். விமலராணி அந்தச் சாம்பலைக் கிளறி மண்ணோடு மண்ணாக்கிவிட்டு, ஒன்றும் கேட்கவில்லை. ஏன் வர இவ்வளவு நேரம் என்று சின்யோராவும் கேட்கவில்லை.

ஸ்டேஷனுக்குப் பின்தெருவில் கிளறாவின் கடை. முன்னால் அரிசி, கருவாடு, மிளகாய்த்தூள். பின்னால் ஒரு சின்ன அறையில் கவிழ்த்துப்போட்ட பெட்டி ஒன்று, சுற்றிவர நாலு பேர்: கிளறா, அவளுடைய மனுசன் ஏர்னஸ்ற், ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மத்தியானம் வேலை தொடங்கும் வலன்ரைன், விமலராணி. பெட்டியின்மேல் சீட்டுக்கட்டு. அவர்கள் ஆடியது முந்நூற்றிநாலு, ஏலம் போலக் கூட்டிக் கேட்டு வென்றவர் துரும்பு வைக்கிற ஆட்டம். அது நாலு பேர் இருந்தால்தான் ஆட்டம். ஆள் குறைந்தால் கடதாசி மட்டுந்தான். தோற்ற சோடி உடுப்புக் கிளிப்பைக் காதில் மாட்டிக்கொண்டு அடுத்த ஆட்டம் முழுக்க இருக்க வேண்டும்.

"இருநூறு," என்பாள் விமலராணி.

"அக்கா, ஜாக் கையில இருக்கே, இல்லாட்டி வாயில மட்டும் இருக்கே?" என்பான் வலன்ரைன்.

"கேக்கிறதெண்டா கூட்டிக் கேள். இல்லாட்டி வாயைப் பொத்து."

"இவளோடை சேந்து ஆடுறதும் ஒண்டுதான், கடலுக்கை வள்ளத்தைக் கவிக்கிறதும் ஒண்டுதான்," என்பார் ஏர்னஸ்ற். ஆனால் அவளோடு சோடி சேரத்தான் எப்போதும் முண்டுவார்.

சீசாவில் அந்த ஐந்தாம் தளத்தில் எதிலும் அவளுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை, உப்பைத் தவிர. இந்தப் பின்னறையில் நாளுக்கு ஒரு மணித்தியாலம் அவள் வைத்ததுதான் துரும்பு. ஜாக்கோ ஏழோ, அவள் நினைத்த நேரம் ராசாவை வெட்டிவிழுத்தினாள். பிறகு பக்கத்துத் தண்ணீர்க் கடையில் கானை நிரப்பிக்கொண்டு, காதுமடல் சிவந்தோ சிவக்காமலோ, வீடு திரும்பினாள். காதைப் பார்த்துச் சின்யோரா கேட்டால், "நுளம்பு கடித்தது, சின்யோரா."

இந்தச் சந்தோசத்தை மறைக்க வேண்டாமா? மறைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது "என்ன விமலா அக்கா, முகம் வெளிச்சுப் போயிருக்கு?" என்று கேட்டால் அவளுக்குப் பகீரென்றது. "வெளிச்சோ? எடியே, நாள் தவறாமத் தண்ணி காவுறன். இந்தக் கையைப் பார், தூக்க ஏலாது. பஸ்ஸுக்கை ஆம்பிளையள் ஒருத்தனும் எழும்பி இடம் விடான். மாதாவே, இந்தத் தண்ணியாலதான் என்ரை உயிர் போகப்போகுது." நல்ல ஆட்டம் அமைந்த வாரங்களில் கான் இரண்டாயிற்று, கை தோளோடு கழன்றது. கிளறாவும் ஏர்னஸ்றும் பக்கத்தில் நின்று பரிதாபமாகத் தலையாட்டினார்கள்.

இதையெல்லாம் சொல் தவறாமல் கேட்டுக்கொண்டு நின்றவன் றொஜர்.

றொஜர் ஓர் இத்தாலியக் குழாய்வேலைக்காரரிடம் வேலை செய்தான். கோயிலின் உதவிக் குழுவுக்கு அவன்தான் தலைவன். நல்லவன், உண்மையிலேயே நல்லவன், அதில்தான் ஆபத்து. தவக்காலத்தில் உதவிக் குழு தங்களுக்குள் கஷ்டப்படுகிற ஒருவருக்கு ஒரு நற்காரியம் செய்வது வழக்கம். அந்த வருடம் விமலராணியின் கையைத் தெரிவுசெய்தார்கள். றொஜர் பியேரோவின் நம்பரை எங்கேயோ பிடித்துத் துரினுக்குப் பேசினான். அம்மாவுக்காகத் தான் வராமலே இன்னும் ஒன்றைச் செய்ய முடிகிறது என்று பியேரோவுக்கு நிம்மதி.

ஒரு காலை விமலராணி தள்ளுவண்டியோடு வெளிக்கிடும்போது, மணியடித்துக்கொண்டு வாசலில் நின்றான் றொஜர். கையில் துளைபோடும் மெஷின், தோளில் வெள்ளைக் குழாய்ச் சுருள், கக்கத்தில் வடிகட்டி.

"வண்டிலைக் கீழை வையுங்கோ அக்கா. இண்டையோடை உங்கடை தண்ணிக் கஷ்டம் முடிஞ்சுது."

விமலராணிக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. விளங்கியதும் சிங்க்குக்கு முன்னால் குறுக்கே போய் நின்றாள். "தம்பி, இஞ்சை தண்ணி ஒழுங்கா வராது."

"தாங்கி இருக்கு, பம்பு இருக்கு. பிறகென்ன?"

"பம்பின்ரை அமுக்கத்துக்கு மெஷின் வெடிச்சுப் போகும்."

"அமுக்கம் குறைக்கிற வால்வும் கொண்டந்தனான்."

"சுவரில ஓட்டை போட சின்யோரா விடா."

சின்யோராவிடம் கேட்டார்கள். மகனுடைய மெஷினுக்காக என்றால் கூரையிலும் துளை போடலாம் என்றார் சின்யோரா.

றொஜர் கீழே படுத்து வேலையைத் தொடங்கினான். சிங்க்கின் கீழே குளிர்தண்ணீர்க் குழாயில் ஒரு கிளை எடுத்தான். கசடு பிடிக்க ஒரு வடிகட்டி, சுண்ணாம்பு பிடிக்க இன்னொன்று. அங்கிருந்து மெல்லிய வெள்ளைக் குழாய் அலுமாரிகளின் பின்னால் ஊர்ந்து மெஷினின் முதுகுக்கு ஏறியது. மெஷினின் தண்ணீர்த் தாங்கிக்குள் ஒரு குட்டி மிதவை: தண்ணீர் குறைந்தால் தானே திறக்கும், நிறைந்தால் தானே மூடும்.

"கக்கூசுத் தாங்கிக்குள்ள கிடக்கிற சாமான்தான் அக்கா. கொஞ்சம் சின்னன்."

விமலராணிக்கு முகம் மலர்ந்தது. உடனே திரும்பி இத்தாலிய மொழியில், மிக்க கவலையோடு, இது கழிப்பறையில் பூட்டுகிற பொருள் என்று சின்யோராவிடம் தெரிவித்தாள்.

"பலெர்மோவில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்," என்றார் சின்யோரா.

கடைசியாக றொஜர் வடிகட்டிக்குக் கீழே, தரையோடு ஒட்ட, தண்ணீரை மறிக்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டியைப் பூட்டினான். அதற்குள் வட்டமாக ஒரு வில்லை. எங்கேயாவது கசிந்து தண்ணீர் தரைக்கு வந்தால் வில்லை நனைந்து ஊதும், ஊதினால் வழி மூடிக்கொள்ளும், வீடு வெள்ளமாகாது. "ஒருக்கா நனைஞ்சா அவ்வளவுதான், மாத்த வேணும். மாத்துற வில்லை என்னட்டை இருக்கு, பயப்பிடாதையுங்கோ." விமலராணியை மெஷினுக்குப் பக்கத்தில் கோப்பியோடு நிறுத்திப் படம் எடுத்தான். அது கோயில் அறிவித்தல் பலகையில் பாஸ்காத் திருநாள் வரை தொங்கியது. படத்தில் அவள் கண் கலங்கி நிற்பதைப் பார்த்துப் பலரும் உருகினார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதுதான்.

காலையில் கோப்பி. சின்யோரா ஒரு பக்கம், விமலராணி ஒரு பக்கம், நடுவில் பச்சை விளக்கு எரியும் மெஷின். "இனி நீ ஓடித் திரியத் தேவையில்லை. உட்கார்," என்றார் சின்யோரா. உட்கார்ந்தாள். கோப்பி இறங்கியதும் மெஷினுக்குள் மிதவை தாழ்ந்து, 'ஸ்ஸ்ஸ்' என்று தண்ணீர் ஏறும் சத்தம். எந்த அறையில் நின்றாலும் அது அவளுக்குக் கேட்டது, அவளுடைய வேலையை அவளில்லாமலே யாரோ செய்து முடிக்கிற சத்தம். தொலைக்காட்சி. உடுப்பு மடிப்பு. எதிர்க் கட்டடத்துப் பல்கனியில் ஒருவர் கம்பளம் தட்டுவார், அதைப் பார்ப்பாள், அவர் உள்ளே போய்விடுவார். தள்ளுவண்டி கதவுக்குப் பின்னால் மடிந்து நின்றது. ஜெரானியங்கள் வாடின.

சின்யோராவும் ஏனோ சிடுசிடுத்தார். பல்கனிக் கதவுவரை போவார், விமலராணி இருப்பதைத் திரும்பிப் பார்ப்பார், வந்து உட்கார்ந்து புதினா மிட்டாயைக் கடித்து நொறுக்குவார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள இவ்வளவு வசதி அந்த இரண்டு பெண்களுக்கும் முன்பு இருந்ததில்லை. இரண்டு பேருமே மெலிந்தார்கள்.

ஞாயிறு முற்றத்தில் விமலராணி வாய் திறக்காமல் நின்றாள். றொஜருக்குப் பெருமை. "பாத்தியளே," என்று மற்றவர்களுக்குக் காட்டினான், "தண்ணிக் கஷ்டம் தீந்தோடனை அக்கா எப்பிடி அமைதியாயிட்டா."

கிளறா மட்டும் பக்கத்தில் வந்து காதுக்குள் சொன்னாள். "எடி, நீ வராட்டி என்ன செய்யிறது? செல்வராசாவை இருத்தியிருக்கிறம்."

"எந்தச் செல்வராசா? கடதாசியைப் பாக்காமலே கேக்கிறவனோ?"

"பாத்தாலும் அப்பிடித்தான் கேக்கிறான். அந்தாள் தன்ரை காதில கிளிப்பைக் கழட்டுறதேயில்லை. ஆனா நாள் தவறாம வாறான். இன்னுங் கொஞ்ச நாள் போனா எழுப்ப ஏலாது. அது அவன்ரை இடமாயிடும்."

அன்று முழுவதும் விமலராணி அந்த இடத்தை நினைத்துக்கொண்டிருந்தாள். அரிசி மூட்டையில் சாய்ந்து, வலது முழங்கை வைக்க ஒரு பள்ளம் இருக்கும். அது அவளுடைய முழங்கை போட்ட பள்ளம்.

மறுநாள் சமையலறை நிலம் துடைக்கும்போது ஈரத்துணியைப் பிழியாமல் சிங்க்கின் கீழே ஒரு தரம் இழுத்தாள். அடுத்த கோப்பியோடு மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிட்டது. விமலராணி கானைக் கையில் எடுத்தாள். அதற்குள் சின்யோரா றொஜருக்குப் போன் பண்ணிவிட்டார், மகன் சொல்லிவைத்தபடி. அரை மணித்தியாலத்தில் றொஜர் வந்தான். வில்லையை மாற்றினான், போனான். நல்லவர்களிடம் உள்ள தொல்லை, கூப்பிட்டவுடன் வந்துவிடுவதுதான். அடுத்த கிழமை மறுபடி நனைந்தது. மறுபடி வந்தான். மூன்றாம் தரம் வந்தவன் வில்லையைத் தொடவில்லை. சிங்க்கின் கீழே தலையை விட்டு, ரோர்ச் வெளிச்சம் அடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"அக்கா." குரல் அலுமாரிக்குள்ளிருந்து வந்தது. "குழாயெல்லாம் காஞ்சு கிடக்குது. வில்லை மட்டும் நனைஞ்சிருக்கு."

"அப்பிடியே?"

"இது தானா நனையேல்லை அக்கா."

"என்ன சொல்கிறான்?" என்று கதிரையிலிருந்து கேட்டார் சின்யோரா.

"பார்க்கிறானாம், சின்யோரா." விமலராணி குந்தினாள். தமிழில் சொன்னால் சின்யோராவுக்கு விளங்காது. ஆனால் தமிழில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சுவரைத் தட்டிக்கொண்டாள், கண்ணூறுக்கு. "தம்பி, எனக்கு அந்தத் தண்ணி காவினதுதான் சந்தோசம்."

அலுமாரிக்குள் ரோர்ச் அணைந்தது. தலை மெல்ல வெளியே வந்தது. முகத்தில் பயம். மன்னார்ப் பெண் ஒருத்தி தான் சந்தோசமாக இருந்ததாகச் சொல்லி அவன் கேட்டதில்லை. "அக்கா, ஏதும் பிரச்சினையே? ஃபாதரோடை ஒருக்கா கதைக்கட்டே?"

"ஒரு கோதாரியும் இல்லை. தண்ணி எண்டு சொல்லித்தான் நான் வெளியில போறது. கிளறா கடையில இருந்து முந்நூற்றிநாலு அடிக்கிறனான். அது ஒண்டுதான் எனக்கு இருந்தது. நீ அதைப் பூட்டிப்போட்டாய்."

"அப்ப ஏன் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலடியில அந்த அழுகை அழுதனீங்கள்?"

விமலராணி அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். வளைந்து, முறுகி, ஒரு முழங்கையில் ஊன்றி, சர்க்கஸ்காரனைப் போலக் கிடந்தான். "உன்ரை இடுப்பு எப்பிடி, அந்த நாரிப்பிடிப்பு?"

"எந்த நாரி?"

"போன ஞாயிறு நிமிர ஏலாது எண்டனீ. குழந்தையைத் தூக்க ஏலாது எண்டனீ."

றொஜருக்கு இத்தாலிய மொழியில் ஓர் அதட்டலோ தமிழில் ஒரு கெஞ்சலோ தேவைப்படவில்லை. நாரியே போதுமாக இருந்தது. கொஞ்ச நேரம் குழாயைப் பார்த்தான். வடிவான வேலை. "கழட்ட ஏலாது அக்கா," என்றான். "பலகையில படம் போட்டாச்சு. குழுவுக்கு என்ன சொல்லுறது? ஃபாதர் பிரசங்கத்திலயும் சொல்லிப்போட்டார்."

"அப்ப நானும் உன்ரை பைப்பும் இதிலயே கிடந்து சாகிறம்."

அவன் எழும்பினான், நாரியைப் பிடிக்காமலே. கையைத் துடைத்துக்கொண்டு சின்யோராவுக்கு முன்னால் போய் நின்றான். கோயில் முற்றத்துக்கு வெளியே பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். காது இரண்டும் சிவந்துவிட்டன. "சின்யோரா, பலெர்மோத் தண்ணீர் இந்தக் கட்டியைக் கெடுத்துவிட்டது. வேறு வகை போட வேண்டும். அது ஜேர்மனியிலிருந்து வர வேண்டும். அதுவரை மூடித்தான் வைக்க வேண்டும்."

"எவ்வளவு காலம்?"

"சொல்ல முடியாது, சின்யோரா."

இனிச் சின்யோரா துரினுக்குப் போன் எடுப்பார், துரின் ஜேர்மனிக்கு எடுக்கும் என்று விமலராணி காத்துக்கொண்டு நின்றாள். சின்யோரா போனைப் பார்க்கவில்லை. பல்கனிக் கதவைப் பார்த்தார். வாடிய ஜெரானியங்களைப் பார்த்தார்.

"அவசரமில்லை," என்றார். "நல்ல பொருள் மெதுவாகத்தான் வரும். பியேரோவுக்குச் சொல்லி அவனைக் கவலைப்படுத்த வேண்டாம்." பிறகு விமலராணியிடம், மிட்டாயை வாய்க்குள் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு: "ஸ்டேஷன் தண்ணீர்தான் எப்போதும் நல்லது. போய் வா. ஓட வேண்டாம். ஆறுதலாக வா."

அன்று கிளறா கடைப் பின்னறையில் செல்வராசா பாதி ஆட்டத்தில் எழும்பி, மிக்க மரியாதையோடு, "இருங்கோ அக்கா," என்று இடத்தையும், கூடவே கிளிப்பையும் கொடுத்தார். தோற்கப்போகிற கையாக இருந்தது. விமலராணி கிளிப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முழங்கைக்குப் பள்ளம் அப்படியே இருந்தது. இந்த ஒரு மணித்தியாலத்துக்கு அப்பால் மற்ற மணித்தியாலங்களும் அப்படியே இருந்தன. ஐந்தாம் தளமும் படிக்கட்டில் அவளுடைய பெயரும் எங்கும் போய்விடவில்லை.

ஞாயிறு வந்தது. முற்றத்தில் எமிலியானுஸ் என்ற பெரியவர், உதவிக் குழுவின் செயலாளர், ஆசையோடு கிட்ட வந்தார். "எப்பிடிப் பிள்ளை? இப்ப தண்ணிக் கஷ்டம் இல்லைத்தானே? சந்தோசம்தானே?"

விமலராணி கணக்குப் போட்டாள். குழாய் வேலை செய்யவில்லை என்றால் றொஜருக்கு அவமானம். தண்ணீர் காவுகிறேன் என்றால் வேறு யாரையாவது அனுப்புவார்கள். சந்தோசம் என்றால் கதை அதோடு முடிந்தது. முழங்கால் என்று சொல்ல நாக்கு எழும்பியது. எமிலியானுஸின் மருமகள் ஆஸ்பத்திரியில் வேலை என்பது நல்லகாலமாக நினைவுக்கு வந்தது. றொஜர் சற்றுத் தள்ளி, நாரியில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்து நின்றான்.

வெப்பக்காற்று அன்று காலையிலிருந்தே கடலுக்கு அந்தப் பக்கத்து மணலையெல்லாம் அள்ளிக்கொண்டு வீசியது. வானம் மஞ்சளாக இருந்தது. விமலராணி அண்ணாந்து பார்த்தாள்.

"இந்தச் சிறொக்கோக் காத்துத்தான் ஐயா," என்றாள், நெற்றியைப் பிடித்துக்கொண்டு. "தலை வெடிக்குது. மாதாவே, இந்தக் காத்தாலதான் என்ரை உயிர் போகப்போகுது."

எமிலியானுஸ் கவலையோடு றொஜரைத் திரும்பிப் பார்த்தார். றொஜரும் வானத்தைப் பார்த்தான், குழாய்வேலைக்காரன் ஒரு சுவரைப் பார்ப்பது போல, வேண்டிய அளவு நேரம் எடுத்து.

"ஓம்," என்றான். "அதுக்கு ஒண்டும் செய்யேலாது."